சபையின் சொத்தைப் பொறுக்கியவர்கள்

"குப்பை ஆற்றில் இல்லை, நம் மனங்களில்தான் இருக்கிறது" என்றார் பேச வந்தவர்.

ஞாயிறு காலை ஏழரை மணி. மாத்தளை மாவட்டத்தில், சுதுகங்கையில் போய் விழும் ஓர் ஓயாவின் கரை. நாலு சீமெந்து வாங்கும் ஓர் ஊஞ்சலும் இருப்பதால் அந்த இடத்துக்குப் பூங்கா என்று பெயர். முப்பது நாற்பது பேர் ஒரே நிற டீசேர்ட்டில் நின்றோம். கையுறை கொடுத்திருந்தார்கள், பதாகை கட்டியாகிவிட்டது, படம் பிடிக்க ஒரு தம்பி மரத்தில் ஏறியிருந்தான். கைதட்டி முடித்துக் குனிந்தபோது என் கையில் முதலில் வந்தது பாதி மண் அடைத்த ஒரு யோகட் கோப்பை. மனத்தில் இருப்பதாக இப்போதுதான் கேள்விப்பட்ட குப்பைக்கு ஒரு விளிம்பு இருந்தது. விளிம்பில் விலையும் காலாவதித் திகதியும் கம்பனிப் பெயரும் அழியாமல் இருந்தன.

அந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடக் காலைக்கூட்டத்தில், கோயில் பரிபாலன சபையில், கல்யாணப் பந்தலில் பக்கத்துக் கதிரைக்காரர் வாயில். நம் சனத்துக்கு ஒழுக்கம் போதாது. மனப்பான்மை மாறினால் எல்லாம் மாறிவிடும். அதுவரை ஆளுக்கொரு ஞாயிறு சிரமதானம் செய்தால் ஆறு சுத்தமாகும். 2025 ஜனவரி 1ஆம் திகதி 'கிளீன் ஸ்ரீலங்கா' தொடங்கியபின் இது அரசாங்கப் பேச்சாகவும் ஆகிவிட்டது. அந்தத் திட்டத்தில் நல்ல காரியங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆரம்ப நாட்களில் சனங்களின் கண்ணில் பட்ட வேலை என்ன? பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்த ஹோர்ன்களையும் அலங்காரங்களையும் பொலிசார் கழற்ற வைத்தது. சுத்தம் என்றதும் நம் நாட்டில் முதலில் ஞாபகம் வருவது ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய மனுசன்தான். லொறியும் குழியும் தராசும் பிறகுதான் வரும், வந்தால்.

நான் திண்ணையில் இருந்துகொண்டு பேசவில்லை. பல ஞாயிறுகள் போயிருக்கிறேன், இனியும் போவேன். போய்ப் போய்த்தான் இந்தக் கருத்தோடு எனக்குப் பகை வந்தது.

அன்றைக்கு ஒன்பது மணிக்கெல்லாம் உரப்பைகள் நிறைந்துவிட்டன. நாலு பையைக் கொட்டிப் பிரித்துப் பார்த்தோம். அது என் பிடிவாதம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சம்மதித்தார்கள். தண்ணீர்ப் போத்தல், லன்ச் சீட், பிஸ்கட் உறை, ஷம்பூ பக்கெட், வெற்றிலைக் கூறு சுற்றிய பொலித்தீன், பியர் தகரம். இவை உலாத்த வந்தவர்களும் குளிக்க வந்தவர்களும் விட்டுப் போனவை என்று சொல்லலாம். ஆனால் அதைவிடக் கூடுதலாக இருந்தது வேறொரு இனம்: பால்மாப் பொதி, சலவைத்தூள் உறை, மருந்துப் பட்டை, கிழிந்த பாட்டா, முடிச்சுப் போட்டுக் கட்டிய பைகளுக்குள் குழந்தை டயப்பர். டயப்பரைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து எறிகிறவர் யாரும் இல்லை. அது மேலேயிருந்து வந்தது.

ஓயாவைப் பிடித்து மேலே நடந்தால் இருபது நிமிடத்தில் ஒரு தோட்டத்து லயம். பீலிக்கரையில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். குற்றம் சாட்டும் குரல் வராமல் கேட்கப் பார்த்தேன், வந்துதான் இருக்கும்.

"வேற எங்க தம்பி போடச் சொல்றீங்க? எரிச்சா புள்ளைக்கு இழுப்பு. பொதைச்சா நாய் கெளறுது. லயத்துக்குப் பின்னால ஆறடி மண்ணு இருக்கா எங்களுக்கு? வண்டி வந்தா நாங்க ஏன் ஓடையில போடப்போறோம்?"

அவருடைய வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. தண்ணீர்ப் பானைக்கு மூடி இருந்தது. டயப்பரைக்கூட அவர் சும்மா எறியவில்லை. பைக்குள் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டிருக்கிறார், நாங்கள்தான் பார்த்தோமே. ஒழுக்கம் என்று மேடையில் கேட்கப்பட்ட பண்டம் அந்த வீட்டில் தேவைக்கு மேலேயே இருந்தது. வாசலைத் தாண்டிக் குப்பை போவதற்கு அந்த வீட்டுக்கு ஒரே ஒரு வழி, அது ஓயா.

வழி ஏன் ஒன்றாக இருந்தது என்பதற்கு ஒரு சட்டக்கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தங்கள் பணத்தைச் செலவிட இடம் தராமல் இருந்தது. தோட்டத்துக்குள் நடப்பதைத் தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். தோட்டத்துச் சனம் சபைத் தேர்தலில் வாக்குப் போடலாம், சபை உறுப்பினராக வந்து கதிரையில் உட்காரலாம். ஆனால் உட்கார்ந்த உறுப்பினர் தன் லயத்துப் பாதைக்கு ஒரு லோடு கல் கேட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பத்தொரு வருடம். ஒரு பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் கட்டி, தன் பிள்ளைக்கு டயப்பர் கட்டும்வரைக்குமான காலம்.

அந்த முப்பத்தொரு வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. பேப்பரில் சுற்றிய சீனியும் இலையில் கட்டிய வெற்றிலையும் போய், எல்லாம் பொலித்தீனில் வந்தன. யோகட்டும் ஷம்பூவும் நூடில்ஸும் லயத்துக் கடைவரை வண்டியேறி வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டுவரும் லொறிக்கு எந்தப் பிரிவும் தடை போடவில்லை. வெறும் உறைகளைத் திருப்பி எடுத்துப் போகும் ட்ரக்டருக்குத்தான் சட்டச் சிக்கல். திருத்தம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். சட்டப் புத்தகத்தில் வரி மாறியது. ட்ரக்டரும் ஆளும் டீசலும் அந்த வரியோடு சேர்ந்து வரவில்லை. தலைமன்னாரில் புறப்பட்ட 'மலையகம் 200' நடைபயணம் 2023 ஆகஸ்ட் மாதம் மாத்தளையில் வந்து முடிந்தபோது, முன்னோர் விழுந்து எழும்பி வந்த பாதையைப் பற்றியும் மரியாதையைப் பற்றியும் நிறையப் பேசினோம். ஒரு குப்பை வண்டியும் அந்த மரியாதைக் கணக்கில் சேர்ந்ததுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

'லயத்துச் சனம் அப்படித்தான்' என்கிற நகரத்துக்காரர் இதைக் கேட்டுச் சந்தோசப்பட வேண்டாம். சுதுகங்கையில் ஓடுவது மாத்தளைத் தண்ணீர் மட்டுமா? 1976 முதல், பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் சுமார் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, சுழலியைச் சுற்றவைத்தபின் சுதுகங்கையில் விடுகிறார்கள். பொல்கொல்லைக்கு மேலே கண்டி நகரம். கண்டி வாவியிலிருந்து நகரத்துச் சாக்கடையெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் மெத எல, கெட்டம்பேப் பக்கம் மகாவலியில் கலக்கிறது. கண்டியின் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்த கோஹாகொட மேடும் அதே ஆற்றங்கரையில், அதே அணைக்கு மேலேதான். மிதந்து வருவதைச் சுரங்க வாயிலில் கம்பிவலை பிடித்துக்கொள்ளும். கரைந்து வரும் கழிவுச்சாற்றை எந்த வலை பிடிக்கும், எந்தக் கையுறை பொறுக்கும்? உக்குவெலயில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு மாத்தளைச் சனத்தின் மனப்பான்மையைப் பற்றிப் பேசுகிறவர், மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தின் வயிற்றோட்டத்தையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கீழே போனாலும் இதே கதை. சுதுகங்கை அம்பன் கங்கையோடு சேருகிறது. போவதென்னவில் ஒரு பங்கு தண்ணீர் திரும்பிக் கலாவெவப் பக்கம் போகிறது. மிச்சம் மொரகஹகந்தை, எலஹெர என்று இறங்கி, மின்னேரியாவுக்கும் அதற்கப்பால் உள்ள குளங்களுக்கும் வயல்களுக்கும் பிரிந்து, கடைசியில் மகாவலியோடு கொட்டியாரக் குடாவில் கடலாகிறது. வழியில் உள்ள அத்தனை அணையையும் தாண்டும் கெட்டித்தனம் இருந்திருந்தால், என் கையில் வந்த யோகட் கோப்பை மூதூர்க்காரர் வலையில் ஏறியிருக்கும். இத்தனை மாவட்டம் குடிக்கும் தண்ணீரை நாற்பது டீசேர்ட்டின் நல்ல மனத்திடம் ஒப்படைத்துவிட்டு இருப்பதை எப்படி ஒரு கொள்கை என்று சொல்வது?

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழும்பி, சிங்கப்பூரைப் பாருங்கள், ஜப்பானைப் பாருங்கள் என்பார். பார்ப்போம். சிங்கப்பூர் ஆறு ஒருகாலத்தில் நாறிக் கிடந்தது. 1977இல் லீ குவான் யூ பத்து வருடத் தவணை வைத்தார். 1987இல் வேலை முடிந்தது. இடையில் நடந்தவை: ஆற்றுக்குள் கழிவு விட்ட பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன. கரையில் சமைத்து விற்றவர்கள் குழாய்த் தண்ணீரும் கழிவுக்குழாயும் உள்ள உணவங்காடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான குடிசைக் குடும்பங்களுக்கு மலசலகூடத்தோடு அடுக்குமாடி வீடு கிடைத்தது. விருப்பமில்லாமல் பெயர்க்கப்பட்டவர்களும் அதில் உண்டு, அதை நான் புகழ வரவில்லை. சொல்ல வருவது, அந்த ஆற்றைச் சுத்தமாக்கியது குழாய் என்பதை. இன்றைக்கும் அந்த நகரத்தைப் பளபளப்பாக வைத்திருப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் பல்லாயிரம் துப்புரவாளர்கள்.

ஜப்பான்? 1995இல் டோக்கியோ ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தபின் தெருக் குப்பைத்தொட்டிகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டன, சனம் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறது, உண்மை. வீட்டுக்கு ஏன் கொண்டுபோகிறது? வீட்டு வாசலில், சொன்ன கிழமையில், சொன்ன இனத்துக்கு, சொன்ன நேரத்தில் வண்டி வரும். பீலிக்கரை அக்கா டோக்கியோவுக்குப் போனால் ஒரே வாரத்தில் அப்பழுக்கில்லாத ஜப்பான்காரியாகிவிடுவார். டோக்கியோக்காரி ஒருத்தியை நம் லயத்தில் கைக்குழந்தையோடு குடிவைத்துப் பாருங்கள். முதல் நாள் பையைக் கட்டி வைப்பார். இரண்டாம் நாள் பக்கத்தில் வைப்பார். மூன்றாம் நாள் ஓயாக் கரையில் நிற்பார்.

குப்பைக்குக் காரணம் ஒழுங்கீனமான தனிமனுசன் என்ற எண்ணம் எங்கே வளர்க்கப்பட்டது என்று தேடினால் ஒரு சுவாரசியமான இடத்துக்குப் போய்ச் சேரலாம். 1953இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், திருப்பி நிரப்ப முடியாத போத்தலில் பியர் விற்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அதே வருடம் தகரக் கம்பனிகளும் போத்தல் கம்பனிகளும் இன்னும் சிலரும் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். போத்தலைச் செய்தவர்கள், போத்தலை எறிந்தவர்களைத் திருத்தப் புறப்பட்டார்கள். வெர்மான்ட் சட்டம் நாலு வருடத்தில் காலாவதியானது. 1971இல் அந்த அமைப்பு வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரம் உலகப் புகழ்: பூர்வகுடி மனிதர் ஒருவர் குப்பை மிதக்கும் ஆற்றில் படகோட்டி வருவார், காரிலிருந்து ஒருவர் எறியும் பொட்டலம் அவர் காலடியில் விழும், அவர் கண்ணில் ஒரு துளி நீர். நடித்தவர் இத்தாலிய வம்சாவளிக்காரர் என்பது பின்னால் தெரியவந்தது. அந்தக் கண்ணீரைப் பார்த்தவர்கள் தங்களைத் திட்டிக்கொண்டார்கள். பொட்டலத்தைச் செய்தவர் யார் என்று கேட்க அந்த விளம்பரத்தில் இடமே வைக்கவில்லை. நம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாளருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் வாயில் வந்தது அந்த விளம்பரத்தின் பேரப்பிள்ளை.

எங்களுக்குச் சின்ன வயதில் சோடா வாங்கப் போனால் வெறும் போத்தல் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் போத்தல் காசு கட்ட வேண்டும். முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரதம் வெளிக்கிட்டுப் போன தெருவில், மாசி மகத்தன்று, ஒரு வெறும் சோடாப் போத்தலைக் கண்டுவிட்டால் பொடியன்களுக்குள் அடிதடி. அது கையில் கிடைத்த ஐஸ்பழக் காசு. 'போத்தல் பத்தர' என்று கூவிக்கொண்டு வரும் வியாபாரிக்கு வீட்டுக்குள் பத்திரப்படுத்திய போத்தல்களை அம்மா எண்ணிக் கொடுப்பார். அன்றைக்கும் இதே சனம்தான், இதே மனப்பான்மைதான். தேர் போன தெருவில் ஒரு போத்தல் கிடக்காது. இப்போது அதே தெருவில் பிளாஸ்டிக் போத்தல் காலில் உருள்கிறது. குனிந்து எடுக்க ஒரு பொடியனும் இல்லை, ஏனென்றால் அதற்கு விலை இல்லை. இடையில் கெட்டது சனத்தின் மனம் என்றால், கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிய அதே வருடங்களில் அது எப்படி இவ்வளவு கச்சிதமாகக் கெட்டது?

நம்மைப் போலவே தேயிலை மலையான நீலகிரியில் இதற்குச் சாட்சி இருக்கிறது. காட்டோரத்திலும் யானை வழியிலும் மதுப் போத்தல்கள் உடைந்து கிடந்ததைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் போத்தலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கினார்கள். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கையில். விற்ற போத்தல்களில் மிகப் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. குடித்தவர்கள் எல்லாரும் திடீரென்று இயற்கை ஆர்வலர்களாகிவிடவில்லை. அடுத்த போத்தலுக்குப் பத்து ரூபாய் குறைந்தது, அவ்வளவுதான். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பாவிக்கும் போத்தலுக்கும் தகரத்துக்கும் இதே ஏற்பாடு.

நம் நாட்டிலும் சட்டங்கள் வந்தன. 2017 செப்டம்பரில் பொலித்தீன் லன்ச் சீட்டுக்கும் ரெஜிஃபோம் பெட்டிக்கும் தடை. 2021 மார்ச் 31 முதல் இருபது மில்லிலீற்றருக்கும் இருபது கிராமுக்கும் உட்பட்ட சிறு பக்கெட்டுகளுக்குத் தடை, உணவும் மருந்தும் நீங்கலாக. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, உறிஞ்சுகுழல், இடியாப்பத் தட்டு. தடை வந்து எட்டு வருடம் தாண்டியும் லன்ச் சீட் எங்கள் உரப்பையில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தயாரிக்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் பிடிக்காத சட்டத்தை ஆற்றங்கரையில் தொண்டர்கள் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று வந்ததே, அதைக் கவனியுங்கள். சில ரூபாய்தான். என் வீட்டில் பரணில் தூசி படிந்து கிடந்த பன்பை அந்த வாரமே கீழே இறங்கியது. என் மனம் மாறி இறங்கவில்லை. கஞ்சத்தனத்தில் இறங்கியது.

சிரமதானம் என்ற சொல்லையும் கொஞ்சம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற, சாதியால் ஒதுக்கி வைக்கப்பட்ட கிராமத்துக்குப் போனார். அங்கே தங்கி, அந்தச் சனத்தோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். சர்வோதயம் அதிலிருந்து முளைத்தது. இல்லாத ஒன்றை, அது தேவைப்பட்டவரோடு சேர்ந்து உண்டாக்குவது அந்தத் தானம். நாங்கள் ஆற்றங்கரையில் செய்வது வேறு: ஒரு கம்பனி விற்றதை, ஒரு சபை அள்ளாததை, பீலிக்கரைச் சனத்தைச் சேர்த்துக்கொள்ளாமல், பொறுக்கிவிட்டு வருவது.

அதிலும் ஒரு கசப்பு இருக்கிறது. கண்டியில் மகியாவை என்றொரு இடம். நகரசுத்தி வேலைக்கென்று வெள்ளைக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம் அங்கே வாழ்கிறது. தலைமுறை தலைமுறையாக அதே வேலை, அதே நெருக்கமான லயங்கள், அதே சாதிப்பேச்சு. நாம் ஒரு காலை, கையுறையோடு, தேத்தண்ணியும் வடையும் இடையில் வர, செய்கிற வேலையை அவர்கள் தினமும் செய்கிறார்கள். நாம் செய்தால் அது சேவை, படம் வரும். அவர்கள் செய்தால் அருகில் பஸ்ஸில் உட்காரத் தயங்குகிறோம். ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஓர் ஆளைக் கூப்பிடுவதென்றால், முப்பது வருடம் குப்பை அள்ளிய ஒருவரைக் கூப்பிடலாம். அவர் மனப்பான்மையைப் பற்றிப் பேசமாட்டார் என்று நினைக்கிறேன். வண்டிக்கு டயர் இல்லாததைப் பற்றிப் பேசுவார்.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் உண்டு, அதைத் தாண்டிப் போகக்கூடாது. பிள்ளைகள். ஒரு தடவை கையால் குப்பை பொறுக்கிய பிள்ளை பிறகு பஸ் யன்னலால் உறையை எறியாது என்கிறார்கள். எறியாதுதான், என் அனுபவமும் அது. ரிவர்ஸ்டனுக்கு மோட்டார் சைக்கிளில் போய், மூடுபனியில் படமெடுத்து, போத்தலைப் புல்வெளியில் விட்டு வருகிற பொடியன்களுக்கு வண்டி வராத கதையெல்லாம் பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது அபராதமும் கொஞ்சம் வெட்கமும்தான். இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருந்திய பிள்ளை அந்த உறையைச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறதே, வீட்டிலிருந்து அது எங்கே போகும்? அம்மா அடுப்பில் போடுவார், அல்லது ஓயாவில். பிள்ளைக்கு நாம் கற்றுக் கொடுத்தது குப்பையின் பயணத்தில் முதல் இருபது அடி.

எங்கள் உரப்பைகளுக்கும் அதுதான் நடந்தது. அன்று மதியம் பத்துப் பதினைந்து மூட்டையைப் பூங்கா வாசலில் வரிசையாக அடுக்கினோம். அதன்முன் நின்று படமெடுத்தோம். சம்பந்தப்பட்ட சபையின் ட்ரக்டர் திங்கள் வரும் என்றார்கள். சபையின் பெயர் வேண்டாம், எந்தச் சபையாகவும் இருக்கலாம். திங்கள் வரவில்லை. செவ்வாய் நாய்கள் கிழித்தன. புதன் இரவு மழை. வியாழன் காலை பார்க்கப் போனேன். பாதி மூட்டை கரையில் சரிந்து கிடந்தது, ஓயாக் கரை மரங்களின் வேர்களில் பொலித்தீன் பழையபடி தொங்கியது. நான் தனியாகப் பொறுக்கி வைத்த யோகட் கோப்பையைத் தேடினேன், காணவில்லை. பொறுக்கி ஓரிடத்தில் குவித்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பின் பெரிய வடிவம் மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, வருடப்பிறப்பன்று, கொழும்பு குவித்து வைத்த மலை சரிந்து வீடுகளை மூடி முப்பது பேரளவில் செத்தார்கள். குவித்தவர்களுக்கு ஒழுக்கம் இருந்தது, தினமும் தவறாமல் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

இத்தனைக்கும் மாத்தளைக்கு இந்த விடயத்தில் சொந்தமாக ஒரு நல்ல கதை இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை. 2007இல் இங்கே மாநகர சபையும் செவனத்த என்ற நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் எஸ்காப் அமைப்பும் சேர்ந்து, டாக்காவில் வங்காளிகள் நடத்திக் காட்டிய முறையைப் பின்பற்றி, வீட்டுக் குப்பையைப் பிரித்து வாங்கிக் கூட்டெருவாக்கும் நிலையமொன்றைத் தொடங்கின. நம் குப்பையில் பாதிக்கு மேல் சோறும் கறித்தோலும் இலையும்தான். அதைப் பிரித்து எடுத்துவிட்டால் மிச்சம் நாறாது, நாய் கிளறாது, விற்கக்கூட முடியும். மாத்தளையைப் பார்த்துப் பிற நாட்டு நகரங்களிலும் இம்மாதிரி நிலையங்களைத் தொடங்கினார்கள். பிரித்து வைத்தால் பிரித்தே வாங்கிப்போக ஒரு வண்டி வரும் என்று தெரிந்தபோது பிரித்து வைத்தவர்கள், மேடையில் ஒழுக்கமில்லாதவர்கள் என்று திட்டப்படும் இதே சனம்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? போகத்தான் வேண்டும். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு. 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் இரண்டு பெண்கள் தொடங்கிய சுத்திகரிப்பு, இன்று செப்டம்பர் மாத மூன்றாம் சனிக்கிழமையில் உலகம் முழுக்க நடப்பதற்குக் காரணம் அவர்கள் கொண்டுபோன அட்டைகள். பொறுக்கிய ஒவ்வொன்றையும் இனம் பிரித்து எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கை கையில் இருந்தால் அதை ஒரு மேசையில் வைத்துக் கேள்வி கேட்கலாம். எந்தக் கம்பனியின் கோப்பை எத்தனை, எந்தக் கிழமை எந்த வளைவில் டயப்பர் கூடுகிறது, எந்த லயத்துக்கு வண்டி வருவதில்லை என்று எழுதிய கொப்பியின் முன்னால், மனப்பான்மையைப் பற்றிப் பேச எவருக்கும் வாய் வராது.

அடுத்த மாதம் நாங்கள் அப்படித்தான் போனோம். டீசேர்ட் இல்லை, பேச்சாளர் இல்லை, பதினொரு பேர்தான். பீலிக்கரை அக்காவும் அவருடைய மகளும் வந்தார்கள். எண்ணிக்கை எழுதியது மகள். மாநகர சபைச் சட்டத்தைப் புரட்டினாலும் பிரதேச சபைச் சட்டத்தைப் புரட்டினாலும் ஒரு விசயம் உண்டு: தெருக்குப்பையையும் வீட்டுக்குப்பையையும் அகற்றுவது சபையின் கடமை, சேகரித்தபின் அது சபையின் சொத்து. ஆகவே மூட்டைகளைப் பூங்கா வாசலில் விடாமல் லொறி பிடித்துச் சபை அலுவலகத்துக்கே கொண்டுபோனோம். கூடவே ஒரு கடிதம். 'தங்கள் சொத்து ஓயாக் கரையில் கேட்பாரற்றுக் கிடந்தது. கண்டெடுத்து ஒப்படைக்கிறோம். பற்றுச்சீட்டு தரவும்.'

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த எழுதுவினைஞர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "நிறை எவ்வளவு?" என்று கேட்டார். நிறை இல்லாமல் பற்றுச்சீட்டு எழுத முடியாதாம். சபையில் தராசு இல்லை. அக்காவின் மகள்தான் ஆட்டோவில் தோட்டத்துக்குப் போய், கொழுந்து நிறுக்கும் தொங்குதராசைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வாசல் நிலையில் கொக்கி மாட்டி, ஒவ்வொரு மூட்டையாக நிறுத்தோம். கொழுந்து நிறுக்கும்போது முள்ளை உற்றுப் பார்க்கும் பழக்கத்தில் அக்கா ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. எழுதுவினைஞர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த செவ்வாய் லயத்துக்கு ட்ரக்டர் வந்தது. அதற்கடுத்த செவ்வாய் வரவில்லை. பற்றுச்சீட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது, தோட்டத்தில் தராசை மறுபடியும் கேட்டிருக்கிறோம்.